தூரத்துக் கணினிக்கு நம் மேசை தெரியுமா?

(இணையவழி நேரலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

லண்டனில் இப்போது மாலை. தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்களுக்கு இரவாகிவிட்டது. தூக்கத்தைத் தள்ளிவைத்து வந்திருக்கிறீர்கள், நன்றி. இலக்கிய அமர்வில் கணினித் திரையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ஒருங்கிணைக்கும் நண்பர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "வரலாறுதானே, பேசுங்கள்" என்றார். வரலாறுதான். வீட்டில் உட்கார்ந்துகொண்டு, எங்கோ இருக்கும் அலுவலகக் கணினியைத் திறந்து வேலை செய்கிறோமே, ரிமோட் டெஸ்க்டாப் என்று, அதில் ஒன்றுக்கு மேற்பட்ட மானிட்டர்களை வைத்துக்கொள்வது எப்படிச் சாத்தியமானது என்ற வரலாறு.

நான் கணினி படித்தவள் இல்லை. செவிலியர் டிப்ளமோ படித்தவள். வார்டில் நின்று வேலை பார்த்துப் பழகிய எனக்கு இந்த விஷயத்தில் ஏன் அக்கறை என்று கேட்கலாம். எங்கள் தொழிலின் பாதி வேலை ஒப்பிடுவது. மருந்துச் சீட்டையும் மருந்துப் பெட்டியையும் ஒப்பிடுகிறோம். கையில் கட்டிய பட்டையிலுள்ள பெயரையும் பிறந்த தேதியையும் பதிவேட்டோடு ஒப்பிடுகிறோம். நேற்றைய ரத்தப் பரிசோதனையை இன்றையதோடு ஒப்பிடுகிறோம். ஒப்பிட வேண்டிய இரண்டும் ஒரே நேரத்தில் கண் முன்னால் இருந்தால் வேலை ஒரு விதம். ஒன்றை மறைத்துவிட்டு மற்றதைப் பார்க்க வேண்டியிருந்தால் முற்றிலும் வேறு விதம். இடையில் அந்த எண்ணை நாம் மனதில் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அந்தச் சில நொடிகளில் யாராவது கூப்பிட்டால் எண் கீழே விழுந்துவிடும்.

இது கணினி கொண்டுவந்த பிரச்சினை அல்ல. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் செசரியா நகரில் ஓரிஜென் என்ற அறிஞர் பழைய ஏற்பாட்டை ஆறு பத்திகளாகப் பக்கம் பக்கமாக எழுதவைத்தார். எபிரேய மூலம், அதையே கிரேக்க எழுத்தில் எழுதியது, பிறகு நான்கு கிரேக்க மொழிபெயர்ப்புகள். அந்த நூலுக்கு ஹெக்சாப்ளா என்று பெயர். ஒரு சொல்லை ஆறு இடங்களில் ஒரே பார்வையில் பார்ப்பதற்காக அவ்வளவு ஏடும் மையும் செலவழித்தார்கள். மூல நூல் அழிந்துவிட்டது.

ஆனால் அதன் ஒரு சுவடு இங்கே லண்டனில் இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்டிகஸ் என்ற விவிலியப் பிரதியின் பெரும்பகுதி பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. 1933இல் சோவியத் அரசிடமிருந்து ஒரு லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அதில் எஸ்தர் நூலின் முடிவில் ஒரு திருத்தர் குறிப்பு எழுதியிருக்கிறார். பம்பீலஸ் தன் கையால் திருத்திய மிகப் பழைய பிரதியோடு இதை ஒப்பிட்டதாகவும், அந்தப் பழைய பிரதி ஹெக்சாப்ளாவைப் பார்த்துச் சரிசெய்யப்பட்டதாகவும் சொல்கிறார். சிறையில் நடந்த வேலை அது. அந்தோனினுஸ் ஒப்பிட, பம்பீலஸ் திருத்தினார் என்று இரண்டு பேரின் பெயரும் அதில் வருகிறது. எங்கள் வார்டில் ஆபத்தான மருந்துகளுக்கு இரண்டு செவிலியர் கையெழுத்திடுகிறோம். அதைப் படித்தபோது எனக்கு அந்த இரண்டு கையெழுத்துகள்தான் நினைவுக்கு வந்தன. நம் ஊரில் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரும் பல ஏடுகளை ஒப்பிட்டுத்தான் பாடத்தைக் கண்டடைந்தார். பாடபேதம் என்ற சொல்லே, இரண்டை அருகருகே வைத்தவர்களுக்கு மட்டும் கிடைக்கும் சொல்.

இனி திரைக்கு வருவோம். தொலைவில் இருக்கும் கணினியைப் பல திரைகளில் பார்க்கும் பழக்கம் லண்டனில் 1970களிலேயே தொடங்கிவிட்டது. 1971க்குப் பிறகு நாணயங்களின் நிலையான மாற்று விகிதம் குலைந்தது. பவுண்டின் விலை நிமிடத்துக்கு நிமிடம் மாறத் தொடங்கியது. ஃப்ளீட் தெருவில் இயங்கிய ராய்ட்டர்ஸ் நிறுவனம் 1973இல் 'மானிட்டர்' என்ற சேவையைத் தொடங்கியது. வங்கிகள் தங்கள் விலையைத் தாங்களே உள்ளிடும். அது தூரத்திலுள்ள கணினி வழியாக மற்ற வங்கிகளின் மேசைத் திரைகளில் தெரியும். 1986 அக்டோபர் 27ஆம் தேதி, 'பிக் பாங்' என்று அழைக்கப்படும் நாள், லண்டன் பங்குச்சந்தையின் பழைய விதிகள் நீக்கப்பட்டன. தளத்தில் நின்று கூவி வியாபாரம் செய்தவர்கள் சில மாதங்களில் அலுவலக மேசைகளுக்குப் போய்விட்டார்கள். வணிகம் திரைக்கு மாறியது.

அந்தக் காலத்து மேசைகளின் புகைப்படங்களைப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய தடித்த பெட்டித் திரைகள். ஒரு சேவைக்கு ஒரு திரை, ஒரு விசைப்பலகை. பார்க்க அசிங்கமாக இருந்தாலும் அதில் ஒரு நேர்மை இருந்தது. எந்தத் திரையில் தெரிவது எந்த இயந்திரத்திலிருந்து வருகிறது என்று உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். ஒன்றைப் பார்க்க மற்றொன்றை மூட வேண்டியதில்லை.

மருத்துவமனையிலும் இப்படித்தான். எக்ஸ்ரே படங்களை விளக்குப் பெட்டியில் வரிசையாக மாட்டி, பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே பார்ப்பது கதிரியக்க மருத்துவர்களின் அடிப்படைப் பழக்கம். மேற்கு லண்டனின் ஹாமர்ஸ்மித் மருத்துவமனை 1990களின் நடுவில் பிலிமையே விட்டுவிட்டு, படங்களைக் கணினியில் சேமித்துத் திரையில் பார்க்கும் முறைக்கு மாறியது. உலகிலேயே அப்படி மாறிய முதல் சில மருத்துவமனைகளில் அது ஒன்று. மாறியபோதும் அருகருகே பார்க்கும் பழக்கத்தை யாரும் விடவில்லை. இன்றும் கதிரியக்க மருத்துவரின் மேசையில் படம் பார்க்க இரண்டு உயர்தரத் திரைகளும், நோயாளிப் பட்டியலுக்கும் அறிக்கைக்கும் இன்னொரு திரையும் இருப்பது வழக்கம்.

ரிமோட் டெஸ்க்டாப்பின் கதை இதற்கு எதிர்த்திசையில் தொடங்குகிறது. அதன் அடிப்படை எளிது. நிரல் அங்கே ஓடுகிறது. இங்கே வருவது அதன் படம் மட்டும். நம் எலியின் அசைவும் விசையின் அழுத்தமும் அங்கே போகின்றன. ஆகவே நம் திரையில் தெரிவதை வரைவது தூரத்துக் கணினி. வரைகிறவருக்குத் தாளின் அளவு தெரிய வேண்டும். தாள் ஒன்றா இரண்டா என்பதும் தெரிய வேண்டும். சொல்லாவிட்டால் ஒன்று என்றே எடுத்துக்கொள்ளும்.

இந்தக் கேள்வியை முன்கூட்டியே யோசித்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1984இல் தொடங்கிய எக்ஸ் விண்டோ என்ற முறையில், 'டிஸ்பிளே' என்றால் ஒரு கண்ணாடித் திரை என்று பொருள் இல்லை. ஒரு மனிதர் முன்னால் இருக்கும் விசைப்பலகை, எலி, ஒன்றோ பலவோ ஆன திரைகள், இவை எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு டிஸ்பிளே. 1987இல் வந்த அதன் பதினொன்றாம் பதிப்பில் தொலைவிலுள்ள நிரல் இணைய வேண்டிய முகவரியிலேயே திரைக்கென்று தனி எண் உண்டு. முதல் திரை பூஜ்யம், அடுத்தது ஒன்று. ஒரு திரையில் திறந்த சாளரத்தை மற்றொன்றுக்கு இழுத்துப்போக முடியாது என்ற குறை இருந்தது. 1990களின் முடிவில் சினெராமா என்ற நீட்டிப்பு அதைத் தீர்த்தது. ஆனால் எக்ஸ் பல்கலைக்கழகங்களின் உலகம். சாதாரண அலுவலகத்துக்கு அது வரவில்லை.

அலுவலகங்களுக்கு வந்த வழிகள் இரண்டு. ஒன்று, லண்டனிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரத் தூரத்திலுள்ள கேம்பிரிட்ஜில் பிறந்தது. ஒலிவெட்டி நிறுவனம் தொடங்கிய ஆய்வகம் ஒன்று 1998இல் வி.என்.சி. என்ற மென்பொருளை மூல நிரலோடு இலவசமாக வெளியிட்டது. அதன் அழகே எளிமைதான். இந்த இடத்தில் இந்தச் செவ்வகத்தை வை என்ற ஒரே வகைக் கட்டளையால் முழுத் திரையையும் அனுப்பிவிடும். எந்தக் கணினியிலும் ஓடியதற்கு அதுவே காரணம். ஆனால் ஆரம்பத்தில் அதற்குத் திரை என்றால் ஒரே ஒரு பெரிய செவ்வகம். எத்தனை கண்ணாடிகள், எங்கே விளிம்பு என்ற கேள்வியே அதன் மொழியில் இல்லை. அந்த ஆய்வகம் 1999இல் ஏ.டி.&டி. கைக்குப் போய், 2002இல் மூடப்பட்டது. மென்பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது.

இன்னொரு வழி, ஐ.பி.எம்.மிலிருந்து வெளியேறிய எட் யாகோபுச்சி 1989இல் தொடங்கிய சிட்ரிக்ஸ் நிறுவனத்தின் வழி. 1995இல் அவர்கள் வெளியிட்ட வின்ஃப்ரேம், விண்டோஸ் சர்வர் ஒன்றில் பல பேர் தொலைவிலிருந்து ஒரே நேரத்தில் வேலை செய்ய வைத்தது. 1997இல் மைக்ரோசாஃப்ட் அவர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, 1998இல் தன் டெர்மினல் சர்வரை வெளியிட்டது. 2001இல் விண்டோஸ் எக்ஸ்.பி. ப்ரொஃபஷனலோடு ரிமோட் டெஸ்க்டாப் சாதாரண அலுவலகக் கணினிக்குள்ளும் வந்துவிட்டது.

இங்கே ஒரு விசித்திரம். மேசையில் இருக்கும் கணினி பல திரைகளைப் பழகியே பல ஆண்டுகள் ஆகியிருந்தன. 1987இன் மாக்கின்டாஷ் 2 அதைச் செய்தது. விண்டோஸ் 98 ஒன்பது திரைகள் வரை ஏற்றது. அதே மனிதர் அதே மேசையிலிருந்து தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைந்தால், அது ஒரு திரையை மட்டுமே வரைந்தது. பக்கத்துத் திரை வெறுமனே கிடந்தது. அலுவலகத்தில் இரண்டு கண்ணோடு வேலை செய்தவர், தொலைவிலிருந்து நுழைந்ததும் ஒற்றைக் கண்ணர் ஆகிவிட்டார்.

2007 வாக்கில், விஸ்டா காலத்தில், ஒரு பாதித் தீர்வு வந்தது. அதன் பெயர் 'ஸ்பான்'. இரண்டு திரைகளையும் சேர்த்து ஒரே நீளத் திரை என்று தூரத்துக் கணினியிடம் ஒரு பொய் சொல்வது. இரண்டு திரையும் ஒரே அளவில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். மொத்த அகலம் 4096 புள்ளியையும் உயரம் 2048 புள்ளியையும் தாண்டக்கூடாது. 1280 புள்ளி அகலமுள்ள இரண்டு திரைகளை வைத்தால், அங்கிருந்து பார்க்கும்போது 2560 புள்ளி அகலமுள்ள ஒரே திரை. ஒரு சாளரத்தைப் பெரிதாக்கினால் அது இரண்டிலும் பரவிவிடும். அதைவிடத் தொல்லை, எச்சரிக்கைப் பெட்டி. கணினி அதை நடுவில் வைக்கும். நடு என்பது இரண்டு மானிட்டர்களுக்கும் இடையிலுள்ள பிளாஸ்டிக் சட்டம். 'சேமிக்கவா?' என்ற கேள்வி பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் கிழிந்து நிற்கும். பரப்பளவு இரட்டிப்பானது, ஆனால் விளிம்பு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை.

உண்மையான தீர்வு 2009 அக்டோபரில் விண்டோஸ் 7உடன் வந்தது. இணைப்புத் தொடங்கும்போதே நம் கணினி தூரத்துக் கணினிக்கு ஒரு பட்டியல் அனுப்புகிறது. எத்தனை திரைகள், ஒவ்வொன்றின் நான்கு ஓரங்களும் எந்த எண்ணில், எது முதன்மைத் திரை என்று. முதன்மைத் திரையின் மேல் இடது மூலைதான் பூஜ்யம். அதற்கு இடப்பக்கம் ஒரு திரை இருந்தால் அதன் எண்கள் கழித்தல் குறியோடு போகும். மேல், கீழ், சிறியது, பெரியது எதுவும் தடையில்லை. 16 திரைகள் வரை சொல்லலாம். நம் மேசையின் வரைபடம் முதன்முறையாக அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. எச்சரிக்கைப் பெட்டி ஒரு திரைக்குள் ஒழுங்காக நின்றது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. அந்தப் பக்கம் இருக்கும் விண்டோஸ் 7 என்டர்பிரைஸ் அல்லது அல்டிமேட் பதிப்பாக இருந்தால்தான் இது வேலை செய்யும். இன்னொரு குறை, பட்டியல் தொடக்கத்தில் ஒருமுறைதான் போகும். நடுவில் ஒரு மானிட்டரைச் செருகினால், வெளியே வந்து மறுபடி நுழைய வேண்டும். நடுவிலேயே மாற்றத்தைச் சொல்லும் வழி 2013இல் விண்டோஸ் 8.1உடன் வந்தது.

அதே 2009இன் ஜூலையில் சினாய்டிகஸ் பிரதியும் இணையத்துக்கு வந்தது. லண்டன், லைப்ஸிக், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், சினாய் மலை மடம் என்று நான்கு இடங்களில் பிரிந்து கிடக்கும் தாள்களை ஒரே இடத்தில், படம் ஒரு பக்கமும் எழுத்துப் பெயர்ப்பு மறுபக்கமுமாகப் பார்க்க முடிந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் தேவை ஒன்றே: தூரத்தில் இருப்பதை இங்கே அருகருகே வைத்துப் பார்ப்பது.

இவ்வளவும் நடந்து முடிந்திருந்தும், பெரும்பாலோர் அதைக் கவனிக்கவில்லை. 2020 மார்ச் 23ஆம் தேதி மாலை இங்கே முடக்கம் அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 3ஆம் தேதி, கிழக்கு லண்டனின் எக்செல் அரங்கில் அமைத்த நைட்டிங்கேல் மருத்துவமனையை இளவரசர் சார்லஸ் ஸ்காட்லாந்திலிருந்து காணொலி வழியாகத்தான் திறந்துவைத்தார். மருத்துவமனையே தொலைவிலிருந்து திறக்கப்பட்ட காலம். அலுவலகத்தில் இரண்டு திரை வைத்திருந்தவர்கள் ஒரு லேப்டாப்போடு சமையலறை மேசைக்கு வந்து சேர்ந்தார்கள்.

நாங்கள் வார்டில் இருந்தோம். ஆனால் எங்களில் கர்ப்பிணிகளும், நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் தொலைபேசியில் நோயாளிகளைக் கூப்பிட்டுப் பேசும் வேலையைச் செய்தார்கள். என் தோழி ஒருத்தி ஏழு மாதக் கர்ப்பிணி. வீடு திரும்பிய நோயாளிகளின் மருந்துப் பட்டியலைச் சரிபார்ப்பது அவள் வேலை. மருத்துவமனை கொடுத்த பட்டியல் ஒரு சாளரத்தில், குடும்ப மருத்துவரின் பட்டியல் இன்னொன்றில். பதினான்கு அங்குல லேப்டாப்பில் ஒன்று மற்றதை மறைக்கும். ஒரு வாரம் காகிதத்தில் எழுதி எழுதிப் பார்த்தாள். நோயாளியின் விவரம் எழுதிய காகிதம் வீட்டில் கிடக்கக்கூடாது என்பதால், தினமும் அதைக் கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்தாள்.

பிறகு அவள் கணவர் வரவேற்பறைத் தொலைக்காட்சியைக் கேபிளில் இணைத்துக் கொடுத்தார். லேப்டாப்புக்கு அது தெரிந்தது. மருத்துவமனைக் கணினிக்குத் தெரியவில்லை. இணைப்பைத் துண்டித்து, ரிமோட் டெஸ்க்டாப்பின் தொடக்கப் பெட்டியில் 'டிஸ்பிளே' பக்கத்துக்குப் போய், 'யூஸ் ஆல் மை மானிட்டர்ஸ்' என்ற சிறு கட்டத்தில் ஒரு டிக் போட்டு, மறுபடி நுழைந்ததும் இரண்டும் திறந்தன. அந்த வாரமே ஒரு முதியவரின் பட்டியலில், மூட்டு நோய்க்கான மெத்தோட்ரெக்சேட் ஒரு பக்கம் வாரம் ஒருமுறை என்றும், மறுபக்கம் வாரம் என்ற சொல்லே இல்லாமலும் இருப்பதை அவள் கண்டாள். தினமும் எடுத்தால் உயிரைக் குடிக்கும் மருந்து அது. முதல் திரையிலிருந்து இரண்டாவதுக்குக் கண் போன நேரத்தில் கிடைத்தது என்றாள். காகிதத்தில் எழுதியிருந்தாலும் கண்டுபிடித்திருப்பாளா என்றால், இருக்கலாம். ஆனால் அன்று அது நாற்பதாவது அழைப்பு.

இங்கே திரை வேலைக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. 1992இல் இயற்றி 1993 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. நாற்காலி, வெளிச்சம், கண் கூசாமை, எழுத்தின் தெளிவு, திரையைச் சாய்க்கும் வசதி எல்லாம் அதில் உண்டு. வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும் பொருந்தும். எத்தனை திரை என்று மட்டும் அது கேட்பதில்லை. கழுத்துவலியைப் பற்றி யோசித்த சட்டம், ஒப்பிடுகிறவரின் ஞாபகத்தைப் பற்றி யோசிக்கவில்லை. சட்டம் எழுதியபோது அந்தக் கேள்வி எழவில்லை. இப்போது எழுகிறது.

சென்னையிலும் இதே கதைதான். மருத்துவக் குறியீட்டு வேலை, மெடிக்கல் கோடிங், நம் பிள்ளைகள் பல ஆயிரம் பேருக்குச் சோறு போடுகிறது. ஒரு பக்கம் நோயாளியின் குறிப்பு, மறுபக்கம் குறியீடு பதியும் மென்பொருள். இரண்டு திரை இல்லாமல் அந்த வேலையின் வேகமே வராது. 2020 மார்ச்சில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை வீட்டிலிருந்து வேலை செய்வதற்கான விதிகளைத் தளர்த்தியது. நிறுவனங்கள் கணினிகளை வண்டியில் ஏற்றி வீடுகளுக்கு அனுப்பின. ஒற்றை அறை வீட்டில், தையல் மெஷின் மேல் மானிட்டரை வைத்து வேலை செய்த தங்கைகளை நான் அறிவேன். இரண்டாவது திரை அங்கே மின்சாரத்தோடும் இடத்தோடும் கட்டிலோடும் போட்டி போட்டது.

இரண்டாவது திரையை நான் துதிபாடவில்லை. அதிலும் சங்கடங்கள் உண்டு. வரவேற்பறைத் தொலைக்காட்சியில் ஒரு நோயாளியின் பெயர் ஐம்பது அங்குலத்தில் தெரிகிறது. வீட்டுக்கு வரும் மாமியாரும் குழந்தையும் அதைப் பார்க்கக்கூடாது. தோழி கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டுதான் வேலை செய்தாள். திரை கூடக் கூட, மனிதரின் முகத்தைப் பார்க்கும் நேரம் குறைகிறது என்று வார்டில் நோயாளிகளே எங்களிடம் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆறு திரை வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒப்பிட வேண்டியது இரண்டு என்றால் இரண்டும் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வரலாற்றில் கண்ணாடியும் கம்பியும் ஒருபோதும் பெரிய தடையாக இருக்கவில்லை. இரண்டு மானிட்டர் வாங்கும் காசு அலுவலகங்களிடம் இருந்தது. தடையாக இருந்தது, தூரத்தில் இருப்பவர் நம் மேசையைப் பற்றி வைத்திருந்த ஊகம். ஒரு மனிதருக்கு ஒரு திரை என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். பிறகு, பெரிதாக ஒன்று கொடுத்தால் போதும் என்று நினைத்தார்கள். உன் முன்னால் என்ன இருக்கிறது, எதன் பக்கத்தில் எது இருக்கிறது என்று கேட்கும் கேள்வி கடைசியாகத்தான் வந்தது. அது வந்ததும் மற்றதெல்லாம் சில எண்களில் முடிந்துவிட்டது.

வீட்டிலிருந்து வேலை செய்யும் உங்கள் பிள்ளைகளிடமும் தங்கைகளிடமும் நாளை ஒரு விஷயம் கேட்டுப் பாருங்கள். எதையும் எதோடாவது ஒப்பிடும் வேலையா, அப்போது இரண்டும் கண் முன்னால் தெரிகிறதா என்று. தெரியவில்லை என்றால் அந்தச் சிறு கட்டத்தைக் காட்டிக்கொடுங்கள். மானிட்டரே இல்லை என்றால், அதை முதலாளியிடம் கேட்பது அவர்கள் உரிமை என்று சொல்லுங்கள். அந்த வேலையின் மறுமுனையில் ஒருவர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கலாம்.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.